பந்து சோறு போடுமா?

குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது. அருவிக்கு வருகிறவர்கள் தென்காசியில் இறங்கி இந்தக் கிழவனையும் ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

அப்படி வந்த பழைய மாணவி ஒருத்தியின் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நல்ல உயரம். கூடைப்பந்தில் மாவட்ட அணி வரைக்கும் வந்துவிட்டாள். விளையாட்டு விடுதியில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டில் ஆச்சிக்குச் சம்மதமில்லை. "பந்து சோறு போடுமா?" என்று கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். பல வீடுகளில் இதே பேச்சு ஓடுவதால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

நான் கணக்கு வாத்தியார். முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 பேர் என்றால் 450 இடம். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2011ஆம் ஆண்டு 12 அணிகள், அணிக்கு 11 பேர். ஆக 132 இடம். உலகத்துக்கே அவ்வளவுதான். பிள்ளைகள் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் படமெல்லாம் இந்தச் சில நூறு பேருடையது. ஆச்சி பயப்படுவதும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான்.

அந்த 132 இடத்துக்கு மிக அருகில் போய்வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டி மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயத்துக்காரர். பெயர் கீது அன்னா ஜோஸ். 1985இல் பிறந்தவர், ஆறடிக்கு மேல் உயரம். 2003இல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தார். நாம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறோமே, அதே ரயில்வேதான். சென்னையில் இருந்துகொண்டு ரயில்வே அணிக்கு ஆடினார். இந்திய அணிக்கும் தலைமை தாங்கினார்.

2006க்கும் 2008க்கும் இடையில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்போர்னில் ரிங்வுட் ஹாக்ஸ் என்ற கிளப்புக்கு ஆடினார். அது விக்டோரியா மாநில அளவிலான போட்டி, உலகப் புகழ் பெற்றது ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தியப் பெண் ஒருத்தி அங்கே போய் ஆடுவது அப்போது புதிது. 2011இல் அமெரிக்காவில் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அந்தோனியோ ஆகிய மூன்று அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். எதிலும் இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் தோல்விக் கதை. ஆனால் அவர் திரும்பி வந்து தொடர்ந்து ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது வாங்கினார்.

இன்னொருவர் சத்னம் சிங். பஞ்சாபில் ஒரு சின்னக் கிராமத்துப் பையன், ஏழடிக்கு மேல் உயரம். லூதியானா பயிற்சிக் கூடத்தில் சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் கற்று, 14 வயதில் அமெரிக்கா போனார். 2015இல் என்.பி.ஏ. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது 52ஆவது ஆளாக டல்லாஸ் அணி அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்து அப்படி எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். நாடே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ. லீக் போட்டி ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. டெக்சாஸில் கீழ்நிலை லீக், பிறகு கனடா என்று ஊர் ஊராக ஆடினார். 2021இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். வாசல் வரை போவது வேறு, உள்ளே உட்கார இடம் கிடைப்பது வேறு.

இப்போது நம் சென்னைப் பெண் அனிதா பால்துரையைப் பாருங்கள். இவரும் 1985இல் பிறந்தவர்தான், இவருக்கும் தெற்கு ரயில்வேயில்தான் வேலை. இந்தியாவுக்காக ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆடினார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் மட்டும் ஒன்பது முறை. குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா 75-73 என்று கஜகஸ்தானை வென்றதே, அந்த அணியில் அவரும் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ஆச்சியின் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. நம் நாட்டில் பந்து நேரடியாகச் சோறு போடுவது அபூர்வம். பந்து வேலை வாங்கிக் கொடுக்கும், அந்த வேலைதான் சோறு போடும். ரயில்வே, வங்கி, காவல்துறை, ராணுவம் என்று விளையாட்டு வீரர்களை எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. தமிழக அரசு வேலையிலும் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆட்டம் 35 வயதுக்குள் முடிந்துவிடும். ரயில்வே வேலை 60 வயது வரை இருக்கும். இடையிலுள்ள 25 ஆண்டுகளை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதற்காக எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மாவட்ட அளவோடு நின்றுபோகிறவர்களே அதிகம். மாநில அணி, தேசியப் போட்டி என்று போனால்தான் சான்றிதழுக்கு மதிப்பு. ஒரு முழங்கால் காயம் போதும், எல்லாம் மாறிவிடும். ஆகவே விடுதிக்கு அனுப்புங்கள், ஆனால் படிப்பை விட விடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் மாநில அணியில் இடம் பிடிக்கிறாளா என்று பாருங்கள். பிடித்தால் தொடரட்டும். இல்லாவிட்டால் படிப்பு கையில் இருக்கும், உடம்பில் தெம்பும் இருக்கும். நட்டம் எதுவும் இல்லை.

பையன் என்றால் "ஆடட்டும்" என்றும், பொண்ணு என்றால் "என்னத்துக்கு" என்றும் சொல்லும் வழக்கம் மட்டும் வேண்டாம். நான் மேலே சொன்ன மூவரில் இருவர் பெண்கள்.

நம் மாணவர்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்கும் காவல்துறைக்கும் போனவர்கள் சிலர் இருக்கிறீர்கள். எந்த வயதில் என்ன சான்றிதழ் வைத்திருந்தீர்கள், எங்கே விண்ணப்பித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் எழுதியதைவிட அது இந்தப் பெற்றோர்களுக்கு அதிகம் உதவும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்