ஜி.பி. ரோடில் கொஞ்சம் கறுப்பு

முகத்தை வெள்ளையாக்குகிறேன் என்று சொல்லி விற்கிற கடை சென்னையில் தெருவுக்கு நாலு இருக்கும். கறுப்பாக்குகிறேன் என்று சொல்லி விற்பதற்கும் ஒரு ரோடு இருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. இவ்வளவு நீளமாகச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. 'ஜி.பி. ரோடு' என்றால்தான் புரியும்.

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிறது. பழைய ஆட்களுக்கு மிட்லண்ட் தியேட்டர் இருந்த ரோடு. வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஸீட் கவர், ஹாரன், கால் மிதியடி, டாஷ்போர்டில் தலையாட்டும் நாய்க்குட்டி எல்லாம் கிடைக்கிற ரோடு. நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதன்மேல் யாராவது ஒருவர் காருக்கு அடியில் படுத்திருப்பார். கால் மட்டும் தெரியும். தாண்டிப் போக வேண்டியதுதான்.

கடைக்குக் கடை வாசலில் டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள். 'போன கறுப்பு திரும்பி வரும்' என்பதுதான் எல்லா டப்பாவும் சொல்கிற சேதி. அம்பாசடருக்குக் குரோமியம் பூசிய இரும்பு பம்பர். பழைய பஜாஜ் சேட்டக்குக்குத் தகர உடம்பு. அந்தக் காலத்துக் கவலை துரு. இந்தக் காலத்துக் கவலை நரை. பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் பம்பர், மட்கார்டு, கண்ணாடி மூடி எல்லாம் நாலைந்து அக்னி நட்சத்திரம் பார்த்தால் விபூதி பூசின மாதிரி ஆகிவிடும். வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம் என்று பி.காமில் படித்திருக்கிறேன். வெயில் பி.காம். படிக்கவில்லை.

நான் போனது நண்பருடைய 2008 மாடல் மாருதி 800-க்காக. அதன் முன் பம்பர் கறுப்பா, சாம்பலா என்று பட்டிமன்றம் வைக்கலாம். ஓரத்தில் விரிசல் வேறு. நண்பருக்கு லீவு கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதுகிறவனுக்கு வருஷம் முழுக்க லீவு என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

நான் நுழைந்த கடை ஒரு பெரிய பீரோ அளவுதான் இருக்கும். கல்லாவில் பாய். எனக்கு முன்னால் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"எட்டு வருஷ வண்டி பாய். பொண்ணு திங்கக்கிழமை வேலைல சேர்றா. இதுலதான் போகப் போறா. பார்க்கிங்ல நிறுத்தக் கூச்சமா இருக்குங்கறா. புது வண்டிக்கு இப்ப வழியில்லை. கொஞ்சம் பார்க்கற மாதிரி ஆக்கிக் குடுங்க."

பாய் கண் காட்ட, கடைப் பையன் ஸ்ப்ரே டப்பாவோடு கிளம்பினான். உஸ்ஸ்ஸ். முன் பக்கத்து மட்கார்டு, பக்கத்துப் பலகை, அப்படியே கால் வைக்கிற இடம், அடுத்தது ஸீட்டுக்குக் கை போனது. கல்லாவிலிருந்து ஒரு கர்ஜனை.

"டேய், நிறுத்துடா! கால் வைக்கிற எடத்துல அடிக்கற?"

"பளபளன்னு இருக்கும்ல பாய்..."

"இருக்கும். மழைல பிரேக் போட்டா அந்தப் பொண்ணு பளபளன்னு ரோட்டுக்குப் போயிரும்!"

பெண்ணின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. பையன் சோப்புத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவரே கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த டப்பாக்களில் பாதிக்கு மேல் சிலிகான் எண்ணெய். தடவினால் நரைத்த பிளாஸ்டிக்கின் சொரசொரப்பை நிரப்பி, நனைந்த கல் மாதிரி கறுப்பாகக் காட்டும். கல் காய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எண்ணெய் என்பதால் வழுக்கவும் செய்யும். ஸீட், கைப்பிடி, பிரேக் பெடல், கால் வைக்கிற இடம், டயரில் ரோட்டைத் தொடுகிற பாகம், இவை ஒன்றிலும் அது படக் கூடாது. டிஸ்க் பிரேக் தட்டின் பக்கம் ஸ்ப்ரேயைத் திருப்பவே கூடாது. துணியில் அடித்துக்கொண்டு துணியால் தடவுவதுதான் சரி. காரில் டாஷ்போர்டைப் பளபளப்பாக்குகிறவர்கள் உண்டு. மத்தியான வெயிலில் டாஷ்போர்டு முழுக்க முன் கண்ணாடியில் தெரியும், எதிரே வருகிற லாரி தெரியாது.

"இது எத்தனை நாள் நிக்கும்?" என்று கேட்டார் அப்பா.

"அடுத்த மழை வரைக்கும்" என்றார் பாய். வியாபாரியிடமிருந்து இப்படி ஒரு பதில் வந்ததும் எனக்கே திக்கென்றது. உள்ளேயிருந்து விரல் நீளத்தில் ஒரு குட்டி பாட்டிலை எடுத்து வைத்தார். தடவினால் காய்ந்து படலமாகப் பிடித்துக்கொள்கிற கோட்டிங். எண்ணெய்ப் பிசுபிசுப்பு கிடையாது, மாதக்கணக்கில் நிற்கும். விலை நாலு மடங்கு. அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் குட்டி பாட்டில்தான்.

அதற்கப்புறம் பையன் செய்ததில் முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்கிற வேலைதான். முதலில் வண்டியை நிழலுக்குத் தள்ளினான். சூடான பிளாஸ்டிக்கில் எதைப் போட்டாலும் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடுமாம். ஷாம்பூத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், சொரசொரப்புக்குள் இருக்கிற மண்ணெல்லாம் கரைந்து வரும் வரை தேய்ப்பு. போன தீபாவளிக்கு யாரோ போட்ட வாக்ஸ், பள்ளங்களில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அதற்கு அவன் பையிலிருந்து எடுத்தது பென்சில் அழிக்கிற ரப்பர்! அழித்தான், போயே போய்விட்டது. பிறகு தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பழைய எண்ணெயெல்லாம் எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பஞ்சில் நாலு சொட்டு விட்டு மெலிசாக ஒரு தடவு. மிச்சத்தை வேறு துணியால் துடைத்தாயிற்று. பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"ஒரு நாள் தண்ணி படக் கூடாது" என்றான் பையன்.

"அப்ப நாளைக்கு நான் பஸ்ல போய்க்கறேன்" என்றார் அப்பா. வண்டி புதுசு மாதிரி ஆகவில்லை. ஆனால் ஒரே நிறமாக, அமைதியான கறுப்பாக இருந்தது. கிளம்பும்போது கால் வைக்கிற இடத்தை இன்னொரு தடவை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

என் நண்பரின் பம்பருக்கு வைத்தியம் இல்லை என்று பாய் தீர்ப்புச் சொன்னார். விரிசல் விட்டதற்கு மை பூசி என்ன பிரயோஜனம்? "புதுப்பேட்டைக்குப் போங்க ஸார்."

அண்ணா சாலைக்கு வந்து, ஆதித்தனார் சாலையில் கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. 2006-ல் இந்தப் பெயரில் படம் வந்தபின் வெளியூர்க்காரர்கள் இங்கே அரிவாளை எதிர்பார்த்து வருகிறார்கள். இருப்பதெல்லாம் ஸ்பேனர். கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் என்று கார்களைக் கறிக்கடை மாதிரி பிரித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பம்பர்கள் முதுகைக் காட்டித் தொங்குவதால் ஒரு லாபம், முதுகில் இருக்கிற எழுத்தைப் படிக்கலாம். பலவற்றில் 'பிபி+ஈபிடிஎம்-டி20' என்று அச்சு. கிரிக்கெட் இல்லை. பிபி என்றால் பாலிபுரொப்பிலீன், அதாவது நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஈபிடிஎம் ஒரு ரப்பர். டி20 என்றால் 100-க்கு 20 பங்கு டால்க், முகத்துக்குப் பூசுகிற பவுடரேதான்! கறுப்புக்கு டயரில் போடுகிற அதே புகைக்கரி.

மொட்டை மாடியில் மறந்துவிட்ட நாற்காலியும் சாக்குப் பையும் ஒரு கோடையில் என்ன ஆகின்றன? தொட்டால் பொடியாக உதிரும். அதே விஷயம்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீளமான சங்கிலிகளை மேல்தோலில் துண்டு துண்டாக அறுக்கிறது. தோல் உதிர்ந்து உள்ளேயிருக்கிற பவுடர் எட்டிப் பார்க்கிறது. புகைக்கரியும் கம்பெனி கலக்கிற மருந்தும் அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினால் கறுப்பு திரும்புவது மேல்தோல் இளகி மறுபடி சமமாவதால். இரண்டு மூன்று தடவைக்கு மேல் பலிக்காது. கை கொஞ்சம் நின்றால் பம்பர் அப்பளம்.

புதுப்பேட்டைக் கடைக்காரருக்கு இதெல்லாம் வேண்டாம், மூக்கு போதும். "டீசல் அடிச்சு, மண்ணெண்ணெய் துடைச்சு எடுத்துட்டு வருவாங்க ஸார். கண்ணு ஏமாறும், மூக்கு ஏமாறாது" என்றார். ஈரத்துணியால் ஓர் இழுப்பு, நிஜ நிறம் வெளியே வரும், விலை குறையும். டீசல் பூசின பளபளப்பு ஒரு நாள் கூத்து. அன்று சாயங்காலமே தூசி வந்து ஒட்டும். ரப்பர் பாகங்கள் எண்ணெய் குடித்து உப்பும். தின்னரும் பெட்ரோலும் இன்னும் மோசம், ஹெட்லைட் மூடியில் பட்டால் மயிரிழை விரிசல் விடும். பற்பசையால் தேய்த்து மஞ்சள் எடுக்கிறார்களே? மஞ்சள் போகும், மிச்சமிருக்கிற பாதுகாப்புப் பூச்சும் சேர்ந்து போகும். சில மாதத்தில் முன்னைவிட மஞ்சளாக வந்து நிற்கும்.

அவரிடம் எங்கள் மாருதிக்கு இரண்டு பம்பர் இருந்தது. ஒன்று வாசலில் வெயிலில், ஒன்று உள்ளே இருட்டில். "ரெண்டும் ஒரே விலைதான். ஆனா வெளியில இருக்கறது வெயில் தின்னது. மாட்டறப்ப கிளிப் காது ஒடிஞ்சிரும், அப்புறம் எங்கிட்ட வந்து சண்டை போடுவீங்க" என்று ஒரு காதை விரலால் அழுத்திக் காட்டினார். டிக்!

உள்ளே இருந்ததை வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் அது குறுக்கே கிடக்க, நான் பாதி வெளியே தொங்கினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். கோடம்பாக்கம் தாண்டியதும் பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"ஸார், அதுக்குத் தேங்கா எண்ணெய் தடவுங்க. சும்மா ஜம்முனு இருக்கும்!"