எந்தக் கம்பெனி டயர்?

அரவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் ரோட்டில் நின்றால், டயரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. டிராக்டருக்குப் போட்டிருக்கும் டயர் பெரும்பாலும் நல்ல டயர். பின்னால் இழுத்துவரும் டிரெய்லரைக் குனிந்து பார்த்தால்தான் பகீர் என்கிறது. லாரியில் ஓடி, மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடு ஆகி, மறுபடியும் லாரியில் ஓடி, இனி லாரிக்கு ஆகாது என்று கழற்றியதுதான் டிரெய்லருக்கு வருகிறது. நான் பார்த்த ஒரு டிரெய்லரில் நாலு டயரும் நாலு கம்பெனி. ஒன்றில் எழுத்தெல்லாம் தேய்ந்து, எந்தக் கம்பெனி என்றே தெரியவில்லை. ஓரத்தில் ரப்பர் பிளந்து நைலான் நூல் வெளியே வந்திருந்தது. அதன்மேல் ஆள் உயரத்துக்கும் மேலே கரும்பு.

அங்கேயும் தேய்ந்த பிறகு டயர் மாட்டுவண்டிக்குப் போகிறது. மாட்டுவண்டி வேகத்தில் அது யாரையும் கொல்லாது.

*

ரோட்டோரப் பஞ்சர் கடை. "எந்த டயர்ண்ணே நல்லா உழைக்குது?" என்று கேட்டேன்.

"அத டிரைவருங்களத்தான் கேக்கணும் சார். ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். காத்து கம்மியா ஓட்டுனா எந்தக் கம்பெனியும் வெடிக்கும்."

வெடித்த லாரி டயர் ஒன்றை உருட்டிவந்து உள்பக்கத்தைக் காட்டினார். கையை விட்டுத் தடவச் சொன்னார். விரலெல்லாம் கறுப்பு ரப்பர்த்தூள். பக்கவாட்டில், உள்ளே, வளையம்போல ஒரு தடம் சுற்றிலும் ஓடியிருந்தது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. மடங்கும் இடத்தில் சூடு ஏறுகிறது, ரப்பர் பொடிகிறது, உள்ளிருக்கும் நூல் ஒவ்வொன்றாக அறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால், தரையில் படும் பட்டன் எல்லாம் நன்றாகவே இருக்கும். அந்த டயரிலும் இருந்தது. "டிரைவர் கம்பெனியத் திட்டிட்டுப் போனாரு" என்றார்.

எந்த டயர் எதனால் போனது என்று சொல்ல இந்த மாதிரி ஆட்களால்தான் முடியும். எத்தனை வருஷமாகப் பார்க்கிறார்! ஆனால் எதுவும் எழுத்தில் இல்லை.

*

கோடை வந்தால் "காத்தக் கொஞ்சம் கொறச்சே வை" என்று சொல்லி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூட்டில் காற்று விரியும், விரிந்தால் வெடிக்கும் என்று கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நடப்பது தலைகீழ். குறைத்தால் டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடு இன்னும் ஏறும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு, கம்பெனி சொல்லும் அளவே அதற்கு இடம் வைத்துத்தான் சொல்லப்படுகிறது. அளவைப் பார்க்க வேண்டியது காலையில், வண்டி ஓடுவதற்கு முன்.

*

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவர்களிடம் பேசினால் விசுவாசம் என்றால் என்னவென்று தெரியும். ஒருவர் ஒரே கம்பெனிதான் போடுவார், அப்பா காலத்திலிருந்து அதுதான். இன்னொருவர் அதே கம்பெனியைத் தொடமாட்டார். மச்சான் ஓட்டிய வண்டியில் முன் டயர் போய்விட்டது, ஆள் பிழைத்ததே பெரிது. அன்றோடு சரி. அந்த டயர் எந்த வருஷத்தது, ரீட்ரேடு ஆனதா, எத்தனை டன் ஏற்றியிருந்தது என்று கேட்டேன். தெரியாது. பெயர் மட்டும் தெரியும்.

இதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. லாரி டயர் ஒன்று இருபதாயிரத்துக்கு மேல். தப்பாக வாங்கினால் ஒரு மாச வருமானம் போகும், சில சமயம் உயிரும் போகும். எந்த டயரில் எத்தனை புகார் என்று பார்க்க அவருக்கு ஒரு பட்டியல் உண்டா? சொந்தக்காரர் அனுபவமும் டீக்கடைப் பேச்சும்தான் உண்டு. அதை வைத்து அவர் முடிவெடுக்கிறார்.

கல் குவாரிக்குள் போகிற வண்டிக்கு நைலான், அதுவும் ஆழமான லக் பட்டன். கல் குத்தினாலும் தாங்கும். ஹைவேயில் சிமெண்ட் ஏற்றிப் போகிற வண்டிக்கு ரேடியல். இந்த விஷயத்தில் டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரே கருத்துதான், அது சரியும்கூட. கம்பெனிப் பெயருக்கு வரும்போதுதான் சண்டை.

*

பெரம்பலூரைத் தாண்டித் திருச்சி போகிற வழியில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை. இந்த மாவட்டத்தில் அந்தக் கம்பெனிக்கு இருக்கிற மரியாதையில் பாதி "நம்ம ஊர் டயர்" என்பதால் வந்தது. வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார், பார்க்க முயற்சியாவது செய்திருப்பார்.

கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் ஆரம்பித்தார். 1952-ல் ரீட்ரேடுக்கான ரப்பர். டயர் அதற்கும் பிறகு, 1961-ல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து. டயரைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் பயில்வான் 1964-ல் வந்தான், உருவாக்கியவர் விளம்பர உலகின் அலிக் பதம்சி. லாரி டிரைவர்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டறிந்து வரைந்த உருவம் என்பார்கள். இன்றைக்கும் பஞ்சர் கடைப் பலகைகளில் அவன்தான் நிற்கிறான்.

பையன்கள் டயர் வாங்கும் வயதுக்கு வருவதற்கு முன்பே கம்பெனி அவர்களிடம் வந்துவிடுகிறது. சச்சின் மட்டையில் இருந்தது, பிறகு கோலி மட்டையில். எங்கள் பக்கத்தில் தச்சர் செதுக்கிக் கொடுத்த மட்டையிலும் ஸ்டிக்கர் ஒட்டி ஆடியிருக்கிறோம்.

*

ஃபோர்டு–ஃபயர்ஸ்டோன் கதையை எல்லா டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித்தரலாம்.

ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நண்பர்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டது, பேரனுக்குப் பேத்தி. நூறு வருஷத்துக்குப் பக்கமாக ஃபோர்டு வண்டிக்கு ஃபயர்ஸ்டோன் டயர். 1990-களில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் மேல்பட்டை ஓடும்போதே உரிந்துகொண்டு போக ஆரம்பித்தது, வண்டி உருண்டது. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில்தான் அதிகம். 2000 ஆகஸ்ட் 9-ஆம் தேதி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். 270 பேருக்கு மேல் இறந்ததாக அமெரிக்க அரசுக் கணக்கு. தப்பு யாருடையது என்பதில் இரண்டு கம்பெனிக்கும் சண்டை. ஃபோர்டு சொன்ன காற்றளவு 26 பி.எஸ்.ஐ., அது போதாது, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். டயரைச் செய்த டிகேட்டர் ஆலையில்தான் கோளாறு என்றது எதிர்த்தரப்பு. 2001 மே மாதம் உறவு முறிந்தது. எறையூர்ப் பஞ்சர் கடையில் கேட்ட அதே காற்றளவுதான், கூடவே வெயில், சுமை, செய்முறைக் குறை.

எனக்கு இதில் முக்கியமான ஆள் சாம் பாய்டன். ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆய்வு வேலை பார்த்தவர். வந்த கிளெய்ம்களைப் புரட்டும்போது ஒரே வகை டயரில் 21 கேஸ் இருப்பதைக் கண்டு 1998-லேயே அரசு அலுவலகத்துக்கு எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஹூஸ்டன் டிவி சேனல் ஒன்று செய்தி போட்டபின் புகார்கள் கொட்டின. அதன்பிறகு போட்ட சட்டத்தில், தங்களுக்கு வரும் கிளெய்மையும் புகாரையும் கம்பெனிகள் தாங்களாகவே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆனது. காரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கும் அந்தச் சட்டத்தால் வந்ததுதான்.

*

நம் நாட்டில் என்ன இருக்கிறது? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்று ஒரு பிரிவு. கோளாறான வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம். கோளாறு உதிரிபாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்திய எல்லா வண்டிகளையும் திரும்பப் பெறச் சொல்லலாம். 2021 ஏப்ரல் முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. பஸ், லாரி என்றால் ஆண்டு விற்பனையில் 3 சதவீதம் அளவுக்குப் புகார் சேர வேண்டும்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 3 சதவீதம் எப்படிச் சேரும்? டயர் போனால் டிரைவர் என்ன செய்கிறார்? ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு லோடு இறக்கப் போகிறார். ஓனர் டீலரிடம் கொண்டுபோய் கிளெய்ம் கேட்கிறார். பட்டன் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அளந்து, "ஓவர்லோடு" என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள், அல்லது தேய்மானம் கழித்துக்கொண்டு புது டயரில் கொஞ்சம் தள்ளுபடி கொடுப்பார்கள். விஷயம் அங்கேயே முடிந்துபோகிறது. அடுத்த முறை ஓனர் கம்பெனியை மாற்றுவார். அதே வாரத்தில் அதே ஆலையிலிருந்து வந்த இன்னொரு டயர் விழுப்புரத்தில் யாரோ ஒருவர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு யார் சொல்வது?

வண்டியோடு வந்த டயருக்காவது 110-ஏ இருக்கிறது. கடையில் தனியாக வாங்கிய டயருக்கு நுகர்வோர் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய ஆணையத்துக்கு இருக்கிறது. பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பில்லை வைத்திருக்கிறவர் எத்தனை பேர்!

*

விசுவாசத்துக்கு என்ன பதில் மரியாதை கிடைத்தது? 2011–12 காலத்தில் விலையைச் சேர்ந்து பேசி ஏற்றினார்கள் என்று எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிர்லா ஆகிய ஐந்து கம்பெனிகள்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2018-ல் உத்தரவு போட்டது. வெளியே தெரிந்தது 2022 பிப்ரவரியில். மொத்த அபராதம் 1,788 கோடி ரூபாய். மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் அதே ஆண்டு டிசம்பரில் மறுபரிசீலனைக்கு என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே குற்றம் உறுதியாயிற்று என்று எழுத முடியாது. இந்தப் புகாரை முதலில் கிளப்பியது டயர் டீலர்களின் கூட்டமைப்பு. விற்கிறவர்கள் சேர்ந்து கேட்டதால் இவ்வளவு தூரம் வந்தது. ஓட்டுகிறவர்கள் அப்படிச் சேர்ந்து தரத்தைக் கேட்டதில்லை.

*

"டயர் வெடிச்சிருச்சு" என்பது விபத்துக்குச் சொல்லும் முதல் காரணம். 2023 ஜூலை 1 அதிகாலை, மகாராஷ்டிராவின் சம்ருத்தி விரைவுச்சாலையில் புல்தானா அருகே தனியார் பஸ் கவிழ்ந்து எரிந்து 25 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்றார் டிரைவர். இடத்தைப் பார்த்த போக்குவரத்து அதிகாரிகள், வெடித்ததற்கான ரப்பர்த் துண்டோ தடமோ இல்லை என்றார்கள்.

அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்னதைக் குறித்துவைத்திருக்கிறேன். 2010-ல் புனேயிலிருந்து மும்பை போன கார், பின் டயர் வெடித்துப் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். டயர் வெடித்தது தெய்வச் செயல், பணம் தர வேண்டியதில்லை என்று வாதாடியது இன்சூரன்ஸ் கம்பெனி. டயர் வெடிப்பது தெய்வச் செயல் ஆகாது, அது மனிதக் கவனக்குறைவு என்று நீதிமன்றம் 1.25 கோடி இழப்பீட்டை உறுதிசெய்தது.

*

சுமை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமையை உயர்த்தியது. மூன்று அச்சு லாரி 25 டன்னிலிருந்து 28.5 டன். ஓவர்லோடு குறையும் என்று சொன்னார்கள். உயர்த்திய அளவுக்கும் மேலே ஏற்றுகிற டிப்பர்களை அரியலூரில் யாரும் தேடிப் போக வேண்டியதில்லை.

*

ரீட்ரேடு டயரைக் குறைசொல்வது நியாயம் இல்லை. விமானச் சக்கரத்திலேயே ரீட்ரேடு டயர் ஓடுகிறது. கோயம்புத்தூரின் எல்ஜி ரப்பர் இதற்கென்றே இயந்திரமும் ரப்பரும் செய்கிறது. கேள்வி உள்ளே இருக்கும் கூட்டைப் பற்றியது. அது எத்தனை வயது, எத்தனை முறை காற்றில்லாமல் ஓடியது? மேலே புது ரப்பர் ஒட்டியதும் இதெல்லாம் மறைந்துவிடும். வெளியே தெரிகிற ஒரே தடயம் பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு எண். 3419 என்றால் 2019-ஆம் வருஷம் 34-ஆவது வாரம். சில டயரில் இது ஒரு பக்கம்தான் இருக்கும், உள்பக்கம் வைத்து மாட்டிவிட்டால் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்க்க வேண்டும், அது கட்டாயம். பட்டன் ஆழம் கார், லாரிக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, பைக்குக்கு 0.8. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு இருக்கும், அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

*

எறையூர் சிப்காட்டில் 2023-ல் காலணி ஆலை திறந்தபிறகு, சுற்றுக் கிராமங்களின் பெண்கள் வேலைக்குப் போய்வருகிறார்கள். அவர்களை ஏற்றிப்போகும் வண்டியின் டயரை யார் பார்க்கிறார்கள்? ஆலைகள் ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதலாம்.

*

பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். வெடித்து வரும் டயரின் பெயர், சைஸ், அந்த நாலு எண், ரீட்ரேடா இல்லையா, உள்ளே தூள் இருந்ததா. இவ்வளவு போதும் என்றேன். "வேல நேரத்துல எழுத முடியாது சார், பையன எழுதச் சொல்றேன்" என்றார். பத்தாவது படிக்கிறான், எழுத்து நன்றாக இருக்கிறது.

சர்க்கரை ஆலைக்கும் ஒன்று கேட்கிறேன். இரவில் தெரியட்டும் என்று கரும்பு டிரெய்லர்களுக்குப் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் வந்திருக்கிறது. நல்ல காரியம். ஸ்டிக்கர் ஒட்ட நிறுத்துகிற அதே இடத்தில் ஒரு ஆள் காற்று மீட்டரோடு நின்று டிரெய்லர் டயரையும் பார்க்கட்டும். நூல் தெரிகிற டயர் இருந்தால் அதை மாற்றிய பிறகு கரும்பு வெட்டு உத்தரவு கொடுக்கட்டும். அடுத்த அரவைக்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம்.