எவர் பெயரைச் சூட்டுவது?

பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயருக்காகப் போர் மூண்டுவிடும் வீடுகள் இன்று பல. கே.கே. நகரில் எங்கள் தெருவிலே மட்டும் மூன்று. மூன்றிலும் படித்த இணையர். முதல் வீட்டிலே கணவர் 'கரிகாலன்' என்கிறார், "காலைக் கருக்கிக்கொண்டா என் பிள்ளை பள்ளிக்கூடம் போவான்?" என்று மனைவி சீறுகிறார். அடுத்த வீட்டிலே மருமகள் 'குந்தவை' என்றால், "குந்து, குந்து என்றல்லவா கூப்பிடுவார்கள்!" என்று மாமியார் சிரிக்கிறார். மூன்றாம் வீட்டிலே சோதிடர் நட்சத்திரம் பார்த்து முதலெழுத்தைக் குறித்துக் கொடுக்கப்போகிறாராம். அந்த எழுத்திலே தொடங்கும் அரசன் எவனாவது அகப்படுவானா என்று அதன் பிறகு வரலாற்று ஏட்டைப் புரட்டுவார்களாம். வரலாறும் வேண்டும், வான்மீனின் ஒப்புதலும் வேண்டும். நல்ல கூட்டணி!

கேலிக்காக இதைச் சொல்லவில்லை, தோழர்களே! பெயருக்காக வழக்காடுவதை வீண்வேலை என்று நான் எண்ணவில்லை. மனு அதை வீண்வேலை என்று எண்ணினானா? பார்ப்பனப் பிள்ளையின் பெயர் மங்கலம் காட்டவேண்டும். சத்திரியன் பெயர் வலிமை காட்டவேண்டும். வைசியன் பெயர் செல்வம் காட்டவேண்டும். சூத்திரன் பெயரோ இழிவைக் காட்டவேண்டும் என்று தன் நூலின் 2ஆம் அத்தியாயத்திலே விதித்து வைத்தான். தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது தண்டனை! மண்ணாங்கட்டி, பிச்சை, குப்பன் என்று நம் பாட்டன்மார் அழைக்கப்பட்டனர். முன்பிறந்தவை மாண்டபின் பிறந்த பிள்ளையைக் காப்பாற்ற அப்படிப் பெயரிட்டதும் உண்டு என்பார்கள். அக்கிரகாரத்திலும் பிச்சை உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் அக்கிரகாரத்துப் பிச்சைக்குப் பின்னால் ஓர் 'அய்யர்' காவல் நின்றது. சேரியிலே பிறந்த பிச்சைக்குப் பின்னால் நின்றது எது?

அந்த வாலைத்தான் முதலிலே வெட்டியது நம் இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொன்னது. 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலம் மறைமலையடிகளானார். நாராயணசாமி நெடுஞ்செழியனானார், இராமையா அன்பழகனானார். சுயமரியாதைக் குடும்பங்களின் முற்றங்களிலே ரஷ்யாவும் மாஸ்கோவும் தவழ்ந்தன. சாக்ரடீசும் இங்கர்சாலும் புழுதியிலே புரண்டு விளையாடினர். பெயரைக் கேட்டவன் சாதியைக் கண்டுபிடிக்க வழியின்றித் திணறவேண்டும், அதுவே நோக்கம்.

வரலாற்றுப் பெயருக்கு ஒரு விலையும் உண்டு. 1953 மார்ச் 1ஆம் நாள் கலைஞருக்கு மகன் பிறந்தபோது, 'அய்யாதுரை' என்று பெயரிடவே எண்ணியிருந்தார். அய்யா பெரியாரும் அண்ணாதுரையும் ஒரே பெயருக்குள்! மார்ச் 5ஆம் நாள் சோவியத் தலைவர் ஸ்டாலின் மறைந்தார். இரங்கல் கூட்டத்திலேயே தம் மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார் கலைஞர். பின்னர், பிள்ளையைச் சேர்க்கப் போன பள்ளியிலே பெயரை மாற்றச் சொன்னார்கள். பள்ளியை மாற்றுவேனே தவிரப் பெயரை மாற்றமாட்டேன் என்றார் தந்தை. அதற்குள் உலகம் மாறத் தொடங்கியிருந்தது. 1956இல் குருசேவ் ஸ்டாலினின் கொடுமைகளைத் தம் கட்சி மாநாட்டிலேயே எடுத்துரைத்தார். 1961இல் ஸ்டாலின்கிராடு நகரம் வோல்கோகிராடு ஆயிற்று. நகரம் பெயரைக் கழற்றிப் போட்டது. சென்னையிலே வளர்ந்த சிறுவன் அதைச் சுமந்துகொண்டே வளர்ந்தார். 2021இல் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். இன்று நம் தெருவிலே அந்தப் பெயரைச் சொன்னால் எவருக்கும் மாஸ்கோ நினைவுக்கு வருவதில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் முதலமைச்சராகித் தம் பெயரின் பொருளை மாற்றிவிட இயலுமா? வரலாற்றைப் பற்றிய நம் தீர்ப்பைப் பிள்ளையின் மேல் எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பின் மீது வரலாறே மேல்முறையீடு செய்கிறது.

அயல்நாட்டுப் பெயர்தானே அப்படி, நம் மூவேந்தர் பெயருக்கு என்ன குறை என்பீர்கள். அங்கேதான் எனக்கு அச்சம். சாதியை மறைக்க அரசர் பெயரை எடுத்தோம். இன்று சாதிச் சங்கங்கள் அரசர்களையே பங்குபோட்டுக்கொள்கின்றன. இராசராசன் எங்கள் குலம் என்று ஒரு சுவரொட்டி. அதன் பக்கத்திலேயே, இல்லை, எங்கள் குலம் என்று இன்னொன்று. 985இல் அரியணை ஏறியவன் எழுந்து வந்து சாட்சியா சொல்லப்போகிறான்? சோழன் பெயர் தாங்கிய என் மாணவன் ஒருவனைப் பார்த்து, "நீங்க அந்த ஆளுங்களா?" என்று உடன்படிக்கும் சிறுவன் கேட்டதை என் காதாலேயே கேட்டேன். இருவருக்கும் வயது பத்து. எந்தக் கேள்வியைக் கொல்ல அந்தப் பெயரை எடுத்தோமோ, அந்தக் கேள்வியையே அது இன்று கூட்டிக்கொண்டு வருகிறது.

ஆகவே, வரலாறு வேண்டாமா? வேண்டும். ஆனால் அரண்மனை வாயிலோடு நின்றுவிடுவானேன்? இதோ, நகரப் பேருந்திலே போய்வரும் தொலைவிலே உறையூர். அங்கே நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டான். இருவரும் சோழர். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடைநின்று இடித்துரைத்தார் கோவூர்கிழார், புறநானூற்றிலே இருக்கிறது. கிள்ளி என்று பெயர் வைக்க ஆளுண்டு. போரை நிறுத்தச் சொன்ன புலவனை எண்ணிப் பெயர் வைக்க ஆளில்லை.

பெண் பிறந்தாலோ, ஆராய்ச்சியே வேண்டாம் என்று மலர்ப் பெயரோடு முடித்துவிடுகிறார்கள். என் தோழி ஒருத்தி முடிக்க விடவில்லை. ஆண் பிறந்தால் கரிகாலன் என்று அவள் துணைவர் சொன்னதும், "அப்படியானால் பெண் பிறந்தால் வெண்ணி" என்றாள். வெண்ணிப் போரிலே வென்றவன் கரிகாலன். வென்ற அவனை நோக்கியே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று பாடியவள் வெண்ணிக்குயத்தி. குயத்தி, மண் பிசையும் குடியிலே பிறந்தவள். பெற்றோர் அவளுக்கு இட்ட பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஊரும் தொழிலுமே அவள் பெயராய் நின்றுவிட்டன. "தோற்றவனைப் புகழ்ந்தவள் பெயரா?" என்று துணைவர் தயங்குகிறாராம். வேந்தன் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

பெயரிடுவது தந்தையும் பாட்டனும் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று அவள் மாமனார் கூறினாராம். 1938 நவம்பர் 13ஆம் நாள், சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே அழைக்கவேண்டும் என்று தீர்மானித்தது என்று அவருக்கு விடை சொல்லி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

அவசரமும் இல்லை. பெயரின்றியே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை காலம் உண்டு. அந்த ஓராண்டையும் வழக்காடியே கழிப்பதென்று தோழி உறுதியாக இருக்கிறாள். வெண்ணிக்கு முன்னால் நிற்கவேண்டிய முன்னெழுத்து தாயுடையதா, தந்தையுடையதா என்ற வழக்கை அவள் இன்னும் தொடங்கவே இல்லை.