வண்ணம் வருமுன்



தஞ்சாவூர்ப் பாணியில் ஒரு சோலையை வரையும் ஓவியர், முதல் நாளிலேயே மரத்தையும் மலரையும் தீட்டுவதில்லை. பலாமரப் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளைப் பசையோடு குழைத்துப் பூசி, உலரவைத்து, வழவழப்பாகத் தேய்க்கிறார். பின்னரே கோடு வரைகிறார். இலையும் பூவும் புடைத்து நிற்க மக்கு வைக்கிறார். அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டுகிறார். வண்ணம் கடைசியில்தான் வருகிறது.

தொடக்க நாட்களில் பார்ப்பவருக்குத் தெரிவது வெறும் வெள்ளைப் பலகை. ஆயினும் அந்த அடித்தளம் செம்மையாக அமையாவிட்டால் மேற்பூச்சு வெடிக்கும், தங்கமும் உரிந்துபோகும்.

இதை நம் காவிரிப் படுகை உழவர் நன்கறிவர். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும், சேறாக உழுது பரம்படித்த வயலில்தான் நாற்று இறங்கும்.

தண்ணீர் பிந்தியதால் குறுவையை இழந்த வீட்டாரே, பிள்ளையின் வேலைக்காக ஆண்டுக்கணக்காய் ஜெபிக்கும் பெற்றோரே, உங்கள் இழப்பு சிறிதென்று நான் சொல்லேன். ஆனால் வெறுமையாய்த் தோன்றும் இந்நாட்களைத் தேவன் கைவிட்ட நாட்கள் என்று எண்ணாதிருங்கள். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மரியாள், உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். அவள் அறிந்துகொள்ளும் முன்னரே அவர் அவளருகில் நின்றிருந்தார்.

மற்றவர்களே, இப்படிக் காத்திருக்கும் வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். இந்த வாரம் அங்கே சென்று, அறிவுரை கூறாமல், அவர்களோடு அமர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. ஆமென்.