161 ஐ அழிப்பமா?

ஏ.எல் பௌதிகவியல் பொடியள் ஐந்து பேரோட நான் நுவரெலியாவுக்குப் போனது மியூவோன் எண்ண. (பொடியள் வந்தது குளிருக்கு, அது வேற கதை.)

விண்வெளியிலிருந்து வாற புரோத்தன்கள் வளிமண்டலத்தில மோத, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில மியூவோன்கள் பிறக்கும். சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன். அதுக்குள்ள ஒளியே 660 மீற்றர்தான் போகும். ஆனாலும் கடல் மட்டத்தில, செக்கனுக்கு ஒன்று இரண்டு எங்கட உள்ளங்கையைத் துளைச்சுக்கொண்டு போகுது.

கருவி சின்னது. துணிக்கை பட்டால் மினுங்கிற இரண்டு பிளாஸ்டிக் தட்டு. இரண்டும் ஒரே கணத்தில மினுங்கினால் மட்டும் எண்ணும். யாழ்ப்பாணத்தில 10 நிமிடத்தில 163. 1,868 மீற்றர் உயரத்தில, தங்கின வீட்டு முற்றத்தில, 190. ஒரே ஆரவாரம். "இன்னொருக்கா எடுப்பம்" எண்டு நான்தான் சொன்னன்.

161.

ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு ஒருவன் மெதுவா, "அண்ணா, 161 ஐ அழிப்பமா? பவர் பாங்க் இறங்கிட்டுது எண்டு எழுதலாம்" என்றான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான். பள்ளிக்கூட லாப்பில நாங்கள் அப்பிடித்தானே வளர்ந்தனாங்கள். ஊசல் ஆடமுதலே கொப்பியில g 9.8 எண்டு கிடக்கும்.

அப்பதான் ஒருத்தி கேட்டாள்: "அப்ப 163 ஐ மட்டும் ஏன் நம்புறம்?"

என்னட்ட பதில் இல்லை. எழுந்தமானமா வாறதை எண்ணினால், எண்ணிக்கையின் வர்க்கமூலமளவு கூடிக் குறையும். 163 க்கு அது கிட்டத்தட்ட 13. படிச்ச விசயம்தான். வெறும் 10 நிமிட எண்ணிக்கையோட மலை ஏறினது என்ர பிழை.

கருவியைப் பொலித்தீன் பையால மூடி இரவு முழுக்க வெளியில விட்டம். 9 மணித்தியாலத்தில 9,941. ஊருக்குத் திரும்பி அதே 9 மணித்தியாலம்: 8,052. மேல 100 எண்டால் கீழ 81. அந்த 1,868 மீற்றரை இறங்க 6 மைக்ரோசெக்கனுக்கு மேல வேணும். மியூவோனுக்கும் எங்கட மணிக்கூட்டு நேரம்தான் எண்டால் நூறில ஆறு மிஞ்சிறதே பெரிய காரியம். வேகமாப் போறதுக்கு நேரம் மெதுவாத்தான் ஓடுது, ஐன்ஸ்டைன் சொன்ன மாதிரி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில இதைச் செய்து 1963 இல வெளியிட்ட ஃபிரிஷும் ஸ்மித்தும், குறிப்பிட்ட வேகத்தில வாறதுகளை மட்டும் பிரிச்சு எண்ணினவை. எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதையும் அறிக்கையில எழுதினம். 161 உம் அதில இருக்கு, 163 க்குக் கீழ.