மண் மூடிய பிறகு



எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு கேணி இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கம், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய சுத்துக்கேணி அது. மண்ணைத் தோண்டினால் தண்ணீர் வரும் என்று மட்டுமே அறிந்து வளர்ந்தவன் நான். அதே மண்ணுக்குள் எரிவாயுவும் ஓடக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டு சென்னைப் புறநகரில், என் மகள் வீட்டு வாசலில்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தைச் சற்று வெட்கத்தோடுதான் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மகள் வீட்டில் நிழல் இல்லை என்று ஊரிலிருந்து ஒரு வேப்பங்கன்று கொண்டுபோயிருந்தேன். சுற்றுச்சுவருக்கு வெளியே, தெருவோரத்தில் குழி தோண்டக் கூலியாள் ஒருவரை அமர்த்தினோம். இரண்டடிக்கும் கீழே சென்றபோது சேறு படிந்த மஞ்சள் நெகிழிப் பட்டை ஒன்று தென்பட்டது. யாரோ புதைத்த குப்பை என்று எண்ணி, "வெட்டி எறிந்துவிட்டு ஆழமாகத் தோண்டப்பா" என்றேன். அவர் கடப்பாரையை ஓங்கினார்.

"ஹஜ்ரத், நிறுத்தச் சொல்லுங்கள்!" என்று தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது. சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவர் அவர். எரிவாயுக் குழாய்களை இணைக்கும் வேலையில் அப்பகுதியில் இருக்கிறார். நான் வந்திருப்பதறிந்து ஸலாம் சொல்ல வந்தவர், குழிக்குள் இறங்கிப் பட்டையைக் கையால் துடைத்தார். கீழே எரிவாயுக் குழாய் உண்டு என்ற எச்சரிக்கை அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. எழுத்தறிவித்தே வாழும் நான், எழுத்து இருந்த பட்டையைத் துடைத்துப் படிக்க முயலவில்லை! அதற்குக் கீழே ஓரடியில் குழாய் இருந்தது. கடப்பாரை இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ண இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

மறுநாள் அவர் வேலைசெய்யும் இடத்துக்குச் சென்று பார்த்தேன். பார்த்ததும் கேட்டதும் பின்னர் படித்ததும் சேர்ந்து ஒரு புதிய கல்வியாகவே அமைந்தன.

எரிவாயுவைக் குழாய்வழி அனுப்பும் வழக்கம் இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது. லண்டனில் இதற்கான நிறுவனம் 1812இல் அரச உரிமை பெற்றது. 1857இல் கல்கத்தாத் தெருக்களில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. அந்நாளில் நிலக்கரியிலிருந்து பெற்ற வாயு வார்ப்பிரும்புக் குழாய்களில் சென்றது. ஒரு குழாயின் அகன்ற வாயில் அடுத்த குழாயின் முனையைச் செருகி, இடைவெளியில் சணல் நூலைத் திணித்து, ஈயத்தை உருக்கி வார்த்து அடைப்பார்கள். நிலக்கரி வாயுவில் ஈரம் இருந்ததால் சணல் ஊறிப் பருத்து, இணைப்பு இறுக்கமாக இருந்தது. பிற்காலத்தில் மேலைநாட்டு நகரங்களில் அதே குழாய்களில் உலர்ந்த இயற்கை எரிவாயுவைச் செலுத்தியபோது சணல் காய்ந்து சுருங்கியது, இணைப்புகள் கசிந்தன. வார்ப்பிரும்பு பாரம் தாங்கும். ஆனால் மண் அசைந்தால் வளையாமல் முறியும். எனவே பல நகரங்களில் இணைப்புகளின் மீது வெளிப்பூட்டு மாட்டியும், உள்ளே உறை செலுத்தியும், இறுதியில் குழாயையே மாற்றியும் வருகிறார்கள்.

நெடுந்தூரத்துக்கும் மிகுந்த அழுத்தத்துக்கும் எஃகுக் குழாயே ஏற்றது. எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து தூத்துக்குடிவரை திட்டமிடப்பட்ட பெருங்குழாய்த் தடத்தின் பெயரில் நம் புதுச்சேரியும் இடம்பெற்றுள்ளது. அதில் இராமநாதபுரம்-தூத்துக்குடிப் பகுதியான 143 கிலோமீட்டர் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து, பற்றவைப்பின் உட்புறத்தைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பார்கள். எஃகின் பகை துரு. ஆகவே குழாயின்மேல் நெகிழிப் பூச்சு பூசி, அதில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மின்பொறி தெறித்துக் காட்டும் கருவியால் சோதித்த பிறகே பள்ளத்தில் இறக்குகிறார்கள். துத்தநாகம் அல்லது மக்னீசியக் கட்டியைக் கம்பியால் குழாயுடன் இணைத்து அருகே புதைப்பதும் உண்டு. அந்தக் கட்டி தான் கரைந்து எஃகைக் காக்கிறது. அரித்துப்போன இடத்தில் எஃகு உறை பொருத்திப் பற்றவைக்கலாம். பழுது பெரிதானால் அத்துண்டையே வெட்டி மாற்ற வேண்டும்.

நம் தெருக்களுக்குள் வருவது மூன்றாம் வகை. பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆன மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் குழாய் அது. துருப் பிடிக்காது; மண்ணோடு சற்று வளைந்து கொடுக்கும். ஆனால் வெயிலைத் தாங்காது. ஆதலால் மண்ணைவிட்டு மேலேறும் இடத்தில் உலோகக் குழாயாக மாறியே வீட்டுக்குள் நுழைகிறது. நெகிழியையும் உலோகத்தையும் நேரே ஒட்ட இயலாது. இரண்டையும் தன்னகத்தே கொண்ட தனி இணைப்பான் வேண்டும்.

என் மாணவர் இரு நெகிழிக் குழாய்களை இணைத்ததை அருகிருந்து பார்த்தேன். முதலில் முனைகளின் மேற்தோலை மெல்லியதாகச் சுரண்டினார். காற்றுப்பட்ட அந்தத் தோல் இருந்தால் ஒட்டாதாம். பிறகு துடைத்தார், துடைத்த இடத்தில் விரல்கூடப் படவில்லை. உள்ளே மின்கம்பிச் சுருள் பதித்த இணைப்பானில் இரு முனைகளையும் செருகி, அசையாதபடி பிடிப்புக் கருவியில் பூட்டி, மின்சாரம் செலுத்தினார். இணைப்பானும் குழாயும் உருகி ஓருடலாயின.

அதன்பின் செய்ய வேண்டியது காத்திருத்தல் மட்டுமே. குறித்த நிமிடங்கள் தானாக ஆறவேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, அசைக்கக் கூடாது. அப்போது உடன் வேலைசெய்தவரின் கால் தவறிக் குழாயில் இடித்தது. வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மாணவர் அந்த இணைப்பை அறுத்தெடுத்துவிட்டுப் புதிய இணைப்பானைக் கையிலெடுத்தார்.

"நேரமாகிறதே, மண்ணைப் போட்டு மூடினால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் மேற்பார்வையாளர்.

"மூடிய பிறகு நான் திரும்பி வந்து பார்க்க முடியாதுங்க. அதனால்தான் இப்போதே பார்க்கிறேன்" என்றார் அவர்.

வாசகர்களே, அமானிதத்தைப் பற்றி எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று பள்ளத்தின் கரையில் நின்று அதை என் மாணவரிடம் படித்தேன்.

பழுதுபார்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். நெகிழிக் குழாயில் கடப்பாரை பட்டுவிட்டால், ஓட்டைக்கு அப்பால் குழாயை அழுத்துக் கருவியால் நசுக்கி வாயுவை நிறுத்துகிறார்கள். நெகிழியில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தெறிக்கக்கூடும் என்பதால் ஈரத்துணி சுற்றிக்கொள்கிறார்கள். பழுதான துண்டை அறுத்துவிட்டுப் புதுத்துண்டைப் பொருத்துகிறார்கள். நசுக்கிய இடத்தில் அடையாளமிட்டு, அதே இடத்தை மறுமுறை நசுக்காமல் விடுகிறார்கள்.

கவனம் தவறிய இடங்களின் கதையும் நமக்குத் தெரிந்ததே. 2014 ஜூன் 27 அன்று, நம் யானத்திற்குத் தொலைவில்லாத ஆந்திரத்து நகரம் என்னும் கிராமத்தில் எஃகுக் குழாய் வெடித்து இருபது பேர் அளவில் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரமும் சேர்ந்து சென்றதால் உள்ளிருந்தே அரிப்பு உண்டாகியிருந்தது. முன்பும் கசிவு இருந்ததென்று ஊர்மக்கள் கூறினர்.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் என்னை உறங்கவிடாத நிகழ்ச்சி இன்னொன்று. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தரைக்கடியில் எரிவாயு கசிந்து தேங்கியது. வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லாததால் எவரும் அறியவில்லை. தொழிற்கூடத்து மின்கருவியின் பொறி பட்டுக் கட்டடமே சிதறியது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக முந்நூறு பேர் அளவில் மடிந்தனர். அதன்பிறகே எரிவாயுவில் துர்நாற்றம் கலப்பது சட்டமாகியது. இன்று நம் சமையலறையில் மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த நாற்றம், அக்குழந்தைகள் விட்டுச்சென்ற எச்சரிக்கை.

தாய்மார்களே, சகோதரிகளே! சில செய்திகளை மட்டும் மனத்தில் இருத்துங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. தரையில் தவழ்ந்து தேங்கும். குழாய் வாயு காற்றைவிட இலேசானது, மேலே ஏறும். எதுவாயினும் நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு சன்னல்களைத் திறந்து, கைக்கெட்டினால் வால்வை மூடி, பிள்ளைகளுடன் வெளியேறுங்கள். வெளியே வந்தபின் தொலைபேசியை எடுங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண் உண்டு. குழாய் இணைப்பு உள்ளவர்கள் அந்நிறுவனத்தின் அவசர எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். களிமண் வழியே ஊடுருவி வரும் வாயு தன் நாற்றத்தை மண்ணிலேயே இழப்பதும் உண்டு. குழாய் செல்லும் தடத்தில் செடிகள் காரணமின்றி வாடினாலும் சொல்லிவிடுங்கள்.

தெருவோரம் தோண்டும் முன் கேளுங்கள். தோண்டப் போவதைக் குழாய், கம்பி புதைத்தவர்களுக்கு அறிவிக்க 2023 மார்ச்சில் மைய அரசு கைபேசிச் செயலி ஒன்றையும் தொடங்கியுள்ளது. மஞ்சள் பட்டையைக் கண்டால், என்னைப்போல் "வெட்டு" என்று சொல்லிவிடாதீர்கள், துடைத்துப் படியுங்கள்.

அந்த வேப்பங்கன்றைச் சுற்றுச்சுவருக்கு உட்புறம், குழாய்க்கு எட்ட நட்டோம். துளிர்விட்டிருக்கிறது என்று மகள் சொல்கிறாள். அதன் நிழலில் யாரேனும் அமரும்போது, தெருவில் மண் மூடிய ஓர் இணைப்பும் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், இன்ஷா அல்லாஹ். அதை இணைத்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே அவர்கள் பத்திரமாக இருப்பார்கள்.