லாட் பஜாரில் ரெண்டு நாலு

ஹைதராபாத்துன்னாலே எல்லாருக்கும் பிரியாணி ஞாபகம்தான் வரும். எனக்கு வளையல்! ரங்கமணியோட ஆபீஸ் நண்பருக்கு அங்கே கல்யாணம். மறுநாள் சும்மாதான் இருக்கோம்னு ஊர் சுத்தக் கிளம்பினோம். கூட அம்மாவும். அப்பா போய் நாலு வருஷமாச்சு. அதுக்கப்புறம் அம்மா இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை.

முதல்ல சாலார் ஜங் மியூசியம். (வெள்ளிக்கிழமை லீவு மக்களே, பார்த்துப் போங்க.) இதெல்லாம் பெரும்பாலும் ஒரே மனுஷர் சேர்த்ததுன்னா நம்பவே முடியலை. மூணாவது சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான். 1912-ல் ஏழாவது நிஜாமுக்கு திவானா ஆனவர், 1914-ல் அந்த வேலையை விட்டுட்டார். அப்புறம் வாழ்நாள் பூரா கலைப்பொருள் வாங்கறதுதான் வேலை. 'பாருங்க, ஷாப்பிங்னா இதுதான் ஷாப்பிங்'னு ரங்கமணி கிட்ட சொன்னேன். காதுல விழாத மாதிரி நடந்துட்டார்!

முக்காடு போட்ட ரெபேக்கா சிலை முன்னாடி அம்மா நின்னவங்கதான், நகரவே இல்லை. பென்சோனின்னு இத்தாலிக்காரர் செதுக்கினது. 1876-ல் முதலாம் சாலார் ஜங் வாங்கினாராம். முழுக்க பளிங்கு. ஆனா மெல்லிசுத் துணி மூடி, அதுக்குள்ளே முகம் தெரியற மாதிரியே இருக்கு. "கல்லுலயே துணி நெய்ஞ்சுட்டானே பாவி!"ன்னாங்க அம்மா. இதைவிட நல்லா யாரும் விமர்சனம் எழுதிட முடியாது.

அங்கே இருக்கற கடிகாரமும் பிரசித்தம். மணிக்கு மணி ஒரு குட்டி பொம்மை வெளியே வந்து மணி அடிச்சிட்டுப் போகும். 12 மணி அடிக்கறப்போ பார்த்தாத்தான் திருப்தின்னு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நாங்களும் ஐக்கியமானோம். அப்பதான் அம்மா கேட்டாங்க, "அந்த மனுஷருக்குப் பிள்ளைகுட்டி எத்தனைடி?"

கல்யாணமே பண்ணிக்கலை, 1949-ல் வாரிசு இல்லாமலே காலமானார், அதான் 1951-ல் மியூசியமாச்சுன்னு சொன்னேன்.

"அடப்பாவமே, இத்தனை சேர்த்து வச்சாரு. எடுத்து ஆள வீட்ல ஒருத்தர் இல்லையே."

அங்கேருந்து ஆட்டோ பிடிச்சு சார்மினார். 1591-ல் முகம்மது குலி குதுப் ஷா கட்டினது. மேலே ஏற அம்மா முட்டி ஒத்துக்கலை. கீழேருந்தே அண்ணாந்து பார்த்துட்டு, இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் சாப்பிட்டோம். இனிப்பும் உப்புமா இருந்துச்சு, சூப்பர்!

சார்மினாரை ஒட்டியே லாட் பஜார். லாட்னா செல்லம்னு சொல்றாங்க, அரக்குலேருந்து வந்த பேருன்னும் சொல்றாங்க. தெரு பூரா வளையல். அரக்கை கரி அடுப்பு சூட்டுல இளக்கி, உருட்டி, வளைச்சு, சூடு ஆறறதுக்குள்ளே ஒவ்வொரு கல்லா கையாலயே பதிக்கிறாங்க. 2024-ல் இதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

எனக்கு, நாத்தனாருக்கு, அவங்க பொண்ணுக்குன்னு எடுத்துக்கிட்டே இருந்தேன். அம்மா ஸ்டூல்ல உட்கார்ந்து வேடிக்கை. "அம்மா, உனக்கு?"ன்னேன். "எனக்கு எதுக்குடி இனிமே?"

எங்க ஊர்ல அது சாதாரண வார்த்தை இல்லை. அப்பாவுக்குப் பத்தாம் நாள் அன்னைக்கு அம்மா கையில இருந்த கண்ணாடி வளையலை சம்பிரதாயம்னு உடைச்சாங்க. அந்த சத்தம் ரூமுக்கு வெளியே நின்ன எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தக் கையில ஒத்தைத் தங்க வளையல் மட்டும்தான்.

கடைக்காரப் பெரியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "ஹாத் தோ அம்மா"ன்னு கையை நீட்டச் சொல்லி, மாம்பழ மஞ்சள்ல ஒரு ஜோடி எடுத்தார். நான் ரங்கமணியைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, ரெண்டு பேரும் கப்சிப். அம்மா அந்த வளையலை வாங்கி வெளிச்சத்துல ஒரு திருப்பு திருப்பினாங்க. அப்புறம் பெரியவரைப் பார்த்துத் தமிழ்லயே சொன்னாங்க.

"இது ரெண்டு ஆறு. என் கை ரெண்டு நாலு."

ரெண்டு நாலுன்னா ரெண்டே கால் இஞ்ச். தமிழ் தெரியாட்டியும் அவருக்கு விரல் கணக்கு புரிஞ்சுடுச்சு. சரியான அளவு எடுத்து, கையை மெதுவா அமுக்கி, நோகாம ஏத்திவிட்டார். அறுநூறு சொன்னதை நான் நானூறுக்குப் பேசிட்டிருக்கும்போதே, அம்மா சுருக்குப்பையிலேருந்து ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டிட்டாங்க. "கல்லு ஒவ்வொண்ணாப் பதிச்சிருக்கான், பேரம் பேசாதடி."

ரங்கமணி மட்டும், "நல்லா இருக்கு அத்தை"ன்னார். வேற யாரும் ஒண்ணும் பேசலை. ரயில்ல தூங்கறப்பவும் அம்மா அதைக் கழட்டலை.

ஊருக்குப் போனதும் எதிர்வீட்டுப் பெரியம்மா கையையே பார்த்துட்டு, "பொண்ணு வாங்கிக் குடுத்தாளா?"ன்னு கேட்டாங்களாம்.

"இல்லை, நானேதான் வாங்கினேன்"னு அம்மா சொன்னாங்களாம்.

பி.கு: அரக்கு வளையல் சூட்டுல இளகிடும். அடுப்படியில கழட்டி வச்சிடுங்க, வெயில்ல நிக்கற கார்ல விட்டுடாதீங்க. போறதுக்கு முன்னாடி வீட்ல எல்லார் கை அளவையும் குறிச்சுக்கோங்க... 'எனக்கு எதுக்கு'ன்னு சொல்றவங்களோடதையும் சேர்த்து :-)